சத்தம் போடாத பெட்டிகள்

திருநகரில் ஜெயபாண்டியின் கம்ப்யூட்டர் கடையில் சுருளி பதினெட்டு வருசமாக மெக்கானிக். எட்டாவதோடு படிப்பு நின்றாலும் பெட்டியைத் திறந்தால் சூரன். முன்பெல்லாம் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் காசளவுக்கு ஒரு ஸ்பீக்கர் இருக்கும். சுவிட்சைப் போட்டதும் கோளாறுக்குத் தக்கபடி பீப் பீப் என்று கத்தும். எண்ணிக் கேட்டாலே நோய் தெரிந்துவிடும்.

புதுப் பெட்டிகளில் அதைக் காணோம். கம்பெனிக்காரன் நாலு காசு மிச்சம் பிடிக்கிறான். மற்ற மெக்கானிக்குகள் அவனைத் திட்டினார்கள். சுருளி உள்ளுக்குள் கும்பிட்டான். இரண்டு வருசமாக அவனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. மெல்லிசான சத்தம் எதுவும் ஏறாது. ஆள் பேசினால் வாயைப் பார்த்துச் சமாளிப்பான். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஐம்பத்திரண்டு வயதில் வேறு எவன் கூப்பிடப் போகிறான்? “புதுசுல சத்தம் வராதுங்க” என்று சொல்லி, ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தே காலத்தை ஓட்டினான்.

ஒருமுறை விளாங்குடியில் ஒரு வாத்தியார் வீட்டில் பழைய பெட்டி. அது கத்தியிருக்கிறது, இவனுக்குக் கேட்கவில்லை. மதர்போர்டு செத்துப்போச்சு என்று புதுசு மாற்றிவிட்டான். கழற்றிய போர்டைக் கடைக்கு வந்து மாட்டிப் பார்த்தால் நன்றாக ஓடியது. யாரிடமும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பிறகு ஒருநாள் திருமங்கலத்தில் சுபலட்சுமியின் ஆன்லைன் சேவைக் கடை. பயிர் இன்சூரன்ஸ் பதியக் கடைசி நாள். பத்துப் பதினைந்து சம்சாரிகள் காகிதமும் கையுமாக உட்கார்ந்திருக்க, திரை இருட்டிக் கிடந்தது.

“வாங்கண்ணே. புதுசுல சத்தம் வராதுன்னு போன தடவ சொன்னீங்கள்ல? நானே ஒரு ஸ்பீக்கர் வாங்கிட்டேன். இத மாட்டிப் பாருங்க.”

போர்டில் அதற்கான ஊசிகள் இருந்தன. தட்டிக்கழிக்க வழியில்லை. மாட்டி சுவிட்சைப் போட்டான். விசிறி சுற்றுவது தெரிந்தது, அவ்வளவுதான். ஸ்பீக்கர் மேல் விரலை வைத்தான். அதிர்வது அதுவா, விசிறியா, பிரிக்க முடியவில்லை.

“என்னண்ணே சொல்லுது?”

“மூணு தரம். ரேம் போயிருச்சும்மா. புதுசு போடணும்.”

சுபலட்சுமி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். “நீளமா ஒண்ணு, குட்டையா ரெண்டுல்லண்ணே அடிக்குது? டிஸ்ப்ளே கார்டுன்னு போன்ல போட்டுருக்கே.”

பெஞ்சிலிருந்த பெரியவர் எக்கிப் பார்த்தார். “யப்பா, எனக்கு எழுவத்தி மூணு வயசு. என் காதுலயே வந்து குத்துது. ஒனக்குக் கேக்கலயா?”

எல்லாரும் சிரிப்பது பல் தெரிந்ததில் தெரிந்தது.

கார்டைக் கழற்றி, கால்களை ரப்பரால் தேய்த்து, அழுத்தி மாட்டினான். படம் வந்தது. வேலைச் சீட்டை நீட்டினான். அவள் கையெழுத்தோடு விடாமல், கீழே எழுத ஆரம்பித்தாள்.

“அத மட்டும் எழுதாத தாயி. எம் பொழப்பு போயிரும்.”

அவள் நிமிர்ந்து, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். “நான் கேக்கலேன்னா ஒரு ரேமை என் தலையில கட்டிருப்பீங்க. இன்னும் எம்புட்டு பேரு தலையில கட்டுனீங்களோ?”

விளாங்குடி வாத்தியார் முகம் கண்முன் வந்து நின்றது. சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

சாயங்காலம் ஜெயபாண்டி சீட்டைப் படித்தார். ‘வேலை சுத்தம். மெக்கானிக்குக்குக் காது கேட்கவில்லை.’

“எம்புட்டு நாளா மாப்ள?”

“ரெண்டு வருசமாண்ணே.”

ஜெயபாண்டி சீட்டை மடித்து மேசை டிராயரில் போட்டார். பிறகு டூல்ஸ் பைக்காகக் கையை நீட்டினார். சுருளி பையைத் தோளிலிருந்து இறக்கி அந்தக் கையில் கொடுத்தான்.