மூன்று மணிக்கான அளவு

மூங்கில்துறை பச்சியப்பன் ஆற்றில் நீர்மட்டம் பார்க்கும் வேலையில் முப்பத்தோரு வருடம் நான்கு மாதம் இருந்தார். பென்னாகரத்திலிருந்து காட்டுவழியாக வரும் சாலை முடியும் இடத்தில், அறுபத்திரண்டு படிகளுக்குக் கீழே, காவிரிக்குள் ஓர் அளவுக்கம்பம் நிற்கிறது. சாதாரண நாளில் மூன்று வேளை, வெள்ள நாளில் மணிக்கொரு தடவை இறங்கிப் போய்ப் பார்த்து, மீட்டர் கணக்கில் பதிவேட்டில் எழுத வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் நகல் பதிவேடுகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அவற்றில் ஓர் அடித்தல் கிடையாது.

"சோத்துல உப்பு கொறஞ்சாலும் பச்சியண்ணன் தேதி போட்டு எழுதி வெச்சுருவாரு" என்று ஊரில் சிரிப்பார்கள்.

சென்ற மாசியில் பொம்மிடிக்காரப் பெண் ராதிகா அந்தப் பெட்டியைத் தேடி வந்தாள். ஒளியால் படம் காட்டுவது அவள் தொழில். பரிசல் துறையை ஒட்டிச் செங்குத்தாக எழும் பாறையின் மேல் மூன்று நாள், மாலை ஏழு மணிக்கு, ஒவ்வொரு நாளும் காற்று, காட்டுத்தீ, வெள்ளம் என்று வரிசையாகக் காட்டப் போவதாகச் சொன்னாள். வெள்ளம் மட்டும் கற்பனையாக இருக்கக் கூடாதாம். பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ஐப்பசி ஏழாம் தேதி எந்த மணிக்கு எவ்வளவு தண்ணீர் இருந்ததோ, அதே உயரத்துக்கு ஒளி ஏற வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு அரை நிமிடம்.

அந்தத் தேதியைக் கேட்டதும் பச்சியப்பன் பெட்டிச் சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். ஆனாலும் பெட்டியைத் திறந்தார். கேட்டவரிடம் பதிவேட்டை மறைத்துப் பழக்கமில்லை.

ஒத்திகை பார்த்த அன்று ராதிகா சொன்னாள்: "சார், மத்த மணியில எல்லாம் தண்ணி ஆடி ஆடித்தான் ஏறுது. ரெண்டுலருந்து நாலு வரைக்கும் மட்டும் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி போவுதுங்க. பாக்க அவ்ளோ அழகா இருக்கு."

இரண்டு மணிக்கு 3.20. மூன்று மணிக்கு 5.20. நான்கு மணிக்கு 7.20. பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது.

நீர்மட்டம் பார்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மணி அளவு தவறிப் போனால், முன்னதையும் பின்னதையும் கூட்டிப் பாதியாக்கி எழுதிவிடுவார்கள். 'நடுவை இழுப்பது' என்பார்கள். அன்று மழை. படிகள் வழுக்கின. அடுப்பில் களி கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு அவர் இறங்கவில்லை. மூன்று பத்துக்குப் பரிசல்காரன் முனியப்பன், படிகளுக்கு மேலே இருந்த அவருடைய கொட்டகை வாசலில் நின்று கேட்டான்.

"தண்ணி எவ்ளோண்ணா? அக்கரையில ரெண்டு பேரு மாட்டிக்கினு கத்தறாங்க."

"மூணு இருவது. போயிட்டு வா" என்றார், களித் துடுப்பால் கிளறியபடி. அது இரண்டு மணிக்குப் பார்த்த அளவு.

நான்கு மணிக்கு இறங்கியபோது கீழ்ப்படிகளைக் காணோம். முனியப்பன் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. அன்றிரவு பதிவேட்டில் காலியாக இருந்த மூன்று மணிக் கட்டத்தில், கை பழகியபடி, நடுவை இழுத்து 5.20 என்று எழுதினார்.

பரிசல் துறையில் நான்கு மீட்டர் உயரத்தில் ஒரு தட்டைக் கல் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் ஏறி அந்தக் கல்லைத் தொட்டால் பரிசல் இறக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. விசாரணைக்கு வந்தவர் 5.20 என்று ஊர் நடுவில் படித்தார். கல் முழுகின பிறகு இறக்கினான் என்றால் குடித்திருப்பான் என்றார்கள். பச்சியப்பன் கூட்டத்தில்தான் நின்றார். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. முனியப்பன் பெயர் அன்றோடு குடிகாரன் என்றாகிவிட்டது.

முதல் நாள் மாலை முந்நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பாறையில் ஒளி ஏறியது. இரண்டு மணியைத் தாண்டி அது நடுங்காமல் நேராக மேலே போனபோது கூட்டம் கைதட்டியது. பச்சியப்பனுக்கு அந்த வெளிச்சத்துக்குள் ஒரு பரிசல் சுற்றுவது தெரிந்தது. கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள்ளும் சுற்றியது.

இரண்டாம் நாள், துறையில் மீன் பொரித்து விற்கும் செல்லி கடையை மூடிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முனியப்பன் மனைவி. ஒளி தட்டைக் கல்லைத் தாண்டி ஓர் ஆள் நெஞ்சளவு மேலே ஏறியதைப் பார்த்தாள்.

"இதானாண்ணா அஞ்சு இருவது?"

"ஆமாம்மா."

"மூணு மணிக்கா?"

பச்சியப்பன் கல் இருந்த பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு நான் அவரு கூட நின்னங்ணா. அந்தக் கல்லு மேல நின்னுதான் செருப்பக் கழட்டி எங்கையில குடுத்தாரு. கல்லு மழையில ஈரம், ஆத்துத் தண்ணி கீழ கெடந்துது. வெவரம் தெரியாதவ, அவங்க சொன்ன நெம்பருக்கு ஒசரம் என்னான்னு எனக்கு எங்க தெரியும்? இன்னிக்குத்தான் கண்ணுல காட்டறாங்க."

பாறையில் தண்ணீர் ஏழு மீட்டருக்கு வந்து நின்றது. பச்சியப்பன் சொன்னார். களி, படி, நடுவை இழுத்தது, கூட்டத்தில் நின்றது எல்லாம், வரிசை மாறாமல். சொல்லி முடித்ததும் செல்லி கேட்டாள்.

"நீ எறங்கிப் பாத்திருந்தா?"

"தண்ணி நெறம் மாறியிருக்கும். நுரை வந்திருக்கும். போவாதன்னு சொல்லியிருப்பன்."

"எங்கிட்ட சொல்லிட்டா ஆச்சா? குடிகாரன்னு சொன்னது ஊரு." எழுந்து சேலையை உதறினாள். "நாளைக்கு ஊரு வரும்."

வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்தார். 5.20இன் மேல் ஒரே கோடு இழுத்தார், அடியில் இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் சரியான அளவை எழுத வேண்டும். அப்படி ஓர் அளவு அவரிடம் இல்லை, யாரிடமும் இல்லை. நான்குக்குக் கீழே என்பது மட்டும் செல்லிக்குத் தெரியும். நெடுநேரம் கழித்து எழுதினார்: 'மூன்று மணிக்கு அளவு பார்க்கப்படவில்லை. கல் முழுகவில்லை, சாட்சி செல்லி.' கையெழுத்திட்டுத் தேதி போட்டார். அதையே கடிதமாக அலுவலகத்துக்கும் எழுதினார்.

காலையில் ராதிகா பதிவேட்டைப் படித்தாள்.

"அப்ப நான் அங்க என்னத்தைங்க சார் காட்டறது?"

"என்ன இருக்குதோ அத."

மூன்றாம் நாள் மாலை அவர் ஒலிபெருக்கியில் அந்த இரண்டு வரியையும் படித்தார். சுற்றுலா வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மூங்கில்துறைக்காரர்கள் புரிந்துகொண்டு அவரைப் பார்த்தார்கள். பிறகு செல்லியைப் பார்த்தார்கள். பச்சியப்பன் வந்து உட்கார்ந்ததும் அவருக்குப் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை.

ஒளி ஏறியது. இரண்டு மணி, 3.20. அதன் பிறகு பாறை முழுக்க இருண்டது. ஆற்றின் இரைச்சல் மட்டும், மிக அருகில்.

"கரண்ட் போச்சா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"போவல. பாரு" என்றாள் செல்லி.

பச்சியப்பன் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. இருட்டில் பரிசல் சுற்றவில்லை. கல் மேல் ஒருவன் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவர் அறுபது வரை எண்ணினார். அறுபதாவது எண்ணில் வெளிச்சம் வந்தது. தண்ணீர் 7.20இல் நின்றது. கல்லைக் காணோம்.