அண்ணனுக்குக் கோபம் மறந்தது

என் மகள் பெரியவளானபோது சடங்குக்குத் தாய்மாமனை வெற்றிலைத் தட்டோடு நேரில் போய் அழைக்காமல், பத்திரிகையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் அப்போது ஓவர்டைம். அண்ணன் இருக்கும் மத்தூர் வரை போய்வர லீவு கிடைக்கவில்லை. அண்ணன் வரவில்லை. மாமன் சீர் இல்லாமலே சடங்கு முடிந்தது. அதன்பின் ஒன்பது வருஷம் அவர் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. ரோஷத்தில் எங்கள் குடும்பத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

போன வருஷம் மாம்பழ சீசனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வாசலில் நின்றார். கையில் பை நிறையப் பழம்.

"நல்லா இருக்கியாம்மா? டீ போடு" என்றார், நேற்றுதான் வந்து போனவர் மாதிரி.

டீயைக் குடிக்கும்போதே அழுதார். நானும் அழுதேன். நான் கண்ணைத் துடைப்பதற்குள் அவர் சிரிக்கத் தொடங்கியிருந்தார். அவசரமாகக் கேசரி கிண்டினேன். "வயசானா மனசு இளகிடும்" என்றார் என் கணவர். சாயங்காலம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

நான்காம் நாள் மறுபடியும் வந்தார். அதே கேள்வி, அதே அழுகை. இந்த முறை ஒரு காலில் செருப்பு இல்லை. நடக்கும்போது அந்தக் கால் தரையில் இழுபட்டது. பஸ் நெரிசலில் விட்டிருப்பார், கால் மரத்திருக்கும் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். தங்கையைப் பார்க்கச் செருப்புகூட இல்லாமல் ஓடி வருகிறாரே என்று உள்ளூரப் பெருமை வேறு.

மூன்றாம் முறை அவர் வரவில்லை, போன்தான் வந்தது. ஓசூரில் இறங்காமல் எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய்விட்டார். அவருடைய போனிலிருந்தே பேசிய டீக்கடைக்காரர், "ஊர் பேரைக் கேட்டால் சிரிக்கிறார்" என்று கன்னடத்தில் சொன்னார்.

அவரைக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டு, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அண்ணிக்கு போன் செய்தேன்.

"அங்கியா இருக்காரு? தக்காளி மண்டிக்குன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றார் அண்ணி. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தை மாசம் மண்டியில் வாய் ஒரு பக்கம் கோணி, கை தொங்கிவிட்டதாம். அரை மணி நேரத்தில் சரியாகிவிட, கரும்பு ஜூஸ் குடித்துவிட்டு அவரே வண்டி ஓட்டி வீட்டுக்கு வந்தாராம். பிரஷர் மாத்திரை? "தலைசுத்தல்தான் நின்னுடுச்சே, இனி என்னாத்துக்குன்னு ரெண்டு வருசமா நிறுத்திட்டாரு."

ஓசூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தில் இருந்த புள்ளிகளைக் காட்டினார்.

"ஒரே பெரிய அடி இல்லம்மா. சின்னச் சின்ன அடைப்பு, பல தடவை வந்திருக்கு. பிரஷர் ஏறி ஏறி மூளையோட நுண்குழாயெல்லாம் கெட்டுப்போச்சு. ரத்தம் போகாத இடம் செத்துடும். ஞாபகம், நடை, சுபாவம் எல்லாமே மாறும். போனது திரும்பாது. மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டு பீடியை விட்டா, மேல மேல கெடாம ஓரளவு தடுக்கலாம்."

"சட்டுனு அழுவுறது, சிரிக்கிறது?"

"அதுவும் இதுனாலதான்."

"பழைய சண்டையெல்லாம் மறந்து எங்கிட்ட வந்து பேசினாருங்களே?"

டாக்டர் படத்தை உறைக்குள் வைத்தார். "அது எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் பேசியும் நடக்காத சமாதானத்தை, அடைபட்ட நாலைந்து ரத்தக் குழாய்கள் நடத்தி வைத்துவிட்டன. அதோடு போகவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் என் கையிலும் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். அதிகமாக இருந்தது; டாக்டர் எனக்கும் மாத்திரை எழுதினார். "டென்ஷன்ல இருக்கேன், அதான்" என்றேன். எங்கள் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் ஏதாவது சொல்வோம்.

எனக்கு மனசு ஆறவில்லை. விவரம் தெரிந்தவர் மன்னித்தால்தானே மன்னிப்பு? மத்தூர் போயிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"என் மக சடங்குக்கு நீ ஏன் அண்ணா வரல?"

அவர் முகம் வாடியது. "யாரு சொன்னா? பச்சைப் பட்டு எடுத்தாந்தேனே. பதினோரு தட்டு. மேளத்தோட பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தே வந்தோம். நீதான் பாயசத்துல சக்கரையைக் குறைச்சுட்ட."

சர்க்கரையைக் குறைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார்.

சமையலறையிலிருந்து வந்த அண்ணி சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்தார். "அவருக்கு மறந்துடுச்சு. எனக்கு மறக்கல" என்றார். குழம்பையும் ஊற்றினார்.

இந்தப் பொங்கலுக்குப் பிறகு அண்ணன் இன்னும் ஒரு படி இறங்கினார். இப்போது பிடித்துக்கொண்டால்தான் நடக்கிறார். தினமும் சாயங்காலம் அண்ணி போனில் அவர் சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் சொல்வார். கடைசியில் ஒரு கேள்வி: "நீ மாத்திரை போட்டியா?"

போன வாரம் ஒரு நாள், இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அண்ணி கால் மணி நேரம் திட்டினார். நான் போனை வைக்கவில்லை.