சோதனைக்கு அப்பா நம்பர்

எங்கள் ஆபீசில் அவளுக்குப் பெயர் லாக் அக்கா. யார் எந்தக் கோளாறோடு போய் நின்றாலும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "லாக் பாத்தியா?" என்பாள். லாக் என்பது வேறொன்றுமில்லை. சர்வர் தனக்கு நடந்ததையெல்லாம் நொடி விடாமல் எழுதிவைக்கும் குறிப்பு. யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எந்த இடத்தில் தடுக்கி விழுந்தது, எல்லாம் அதில் இருக்கும். நாங்கள் பார்த்திருக்க மாட்டோம். பார்த்திருந்தால் அவளிடம் ஏன் போய் நிற்கிறோம்?

பதினொரு பேர், இரண்டு அறை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்து ஏசி நேராக முகத்தில் சூடாக ஊதும், அதனால் திறப்பதில்லை. இங்கே உட்கார்ந்து ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வெப்சைட் கட்டிக் கொடுக்கிறோம். செங்கல் செங்கலாகக் கட்டுவதில்லை. ஃபிரேம்வொர்க் என்று ஒன்று இருக்கிறது. சுவர், கதவு, பூட்டு எல்லாம் ஏற்கெனவே செய்துவைத்திருப்பார்கள், நாங்கள் எடுத்துப் பொருத்த வேண்டியதுதான். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் கதவு திறக்காவிட்டால் பூட்டைச் செய்தவன் எங்கேயோ இருப்பான், திட்டு வாங்குவது நாங்கள்.

பத்தில் ஒன்பது கோளாறு அக்காவின் அரை நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஃபைலை சேமிக்காமலே ஏன் மாறவில்லை என்று அழுதுகொண்டிருப்போம். செட்டிங்ஸை மாற்றியிருப்போம், சர்வரை நிறுத்தி மறுபடி ஓட விட்டிருக்க மாட்டோம், அது பழைய செட்டிங்ஸையே மனதில் வைத்துக்கொண்டு ஓடும். ஒருமுறை நான் ஒரு பக்கத்தின் நிறத்தை மூன்று மணி நேரம் மாற்றிக்கொண்டிருந்தேன். சிவப்பு போட்டேன், பச்சை போட்டேன், பொறுக்க முடியாமல் கறுப்பு போட்டேன். பக்கம் நீலமாகவே இருந்தது. அக்கா வந்து மேலே முகவரியை விரலால் தட்டிக் காட்டினாள். நான் மாற்றியது என் கணினியில் இருந்த நகலை. பார்த்துக்கொண்டிருந்தது கடைக்காரரின் நிஜ சைட்டை. "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் நடந்து, நின்றுபோய், அதைப் பற்றிக் கேட்டால் "அது பழைய வெர்ஷன்" என்பாள். அம்மா இறந்து ஆறு வருஷம். அப்பா மட்டும் ஊரின் மறுகோடியில், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுத்தே முப்பத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்தவர். அவரைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது, ஏனென்றால் எங்கள் கம்பெனியில் சம்பளம் இல்லாத பன்னிரண்டாவது ஆள் அவர்.

மெசேஜ் அனுப்பும் சைட் கட்டினால் சோதித்துப் பார்க்க ஒரு நிஜ போன் வேண்டும். அக்கா முதலில் தன் நம்பரைத்தான் போட்டாள். நான் எழுதிய ஒரு வரி நிற்காமல் சுற்றி, ஒரே காலையில் நாலாயிரம் மெசேஜ் வந்து அவள் போன் செத்துப்போனது. அதற்குப் பிறகு, மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு நம்பரைப் போட ஆரம்பித்தாள். அது அப்பாவுடையது.

இப்படியாக அந்த மனிதர் எங்கள் எல்லா சைட்டிலும் வாடிக்கையாளர் ஆனார். ஒன்பது சோபா ஆர்டர் செய்திருக்கிறார். குழந்தைகளுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். கர்ப்பிணிகளுக்கான மூச்சுப் பயிற்சிக்கு இரண்டு முறை இடம் கிடைத்திருக்கிறது. எதற்கும் அசர மாட்டார். மெசேஜ் வந்ததும் அக்காவைக் கூப்பிட்டு, ரீடிங் சொல்வதுபோலச் சொல்வார்: "பாப்பா, ஒண்ணு வந்துச்சு. பத்து நாப்பத்திரண்டு."

"சரிப்பா" என்று சொல்லி அக்கா வைத்துவிடுவாள். பக்கத்து மேசை என்னுடையது, அதனால் எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஏழெட்டு அழைப்பு வரும், எதுவும் பத்து நொடியைத் தாண்டாது. டைப் அடிக்கும் கை நிற்காது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருப்பாள். அவர் சில சமயம் நேரத்தைச் சொன்ன பிறகு, "இங்க லிஃப்ட் வேலை செய்யல" என்றோ "கீழ் வீட்டுக்காரர் காலி பண்ணிட்டார்" என்றோ ஒன்றைச் சேர்ப்பார். அதற்கும் "சரிப்பா"தான்.

போன வருஷம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பதிவு சைட் கட்டினோம். நோயாளி பதிவு, டாக்டரைப் பார்க்க நேரம், பரிசோதனை முடிவு வந்தால் மெசேஜ். மெசேஜில் பெயர் இருக்காது, நோய் இருக்காது. மற்றவர் கண்ணில் பட்டால் வம்பு என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். 'உங்கள் பரிசோதனை முடிவு வந்துள்ளது. உடனே மருத்துவரைப் பார்க்கவும்.' அவ்வளவுதான். இந்த வாசகத்தை அப்பாவுக்கு எத்தனை தடவை அனுப்பியிருப்போம் என்று கணக்கில்லை. இந்த விஷயத்தில் அவருக்கு நிகரான நோயாளி கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரிப் பதிவுப் பிரிவு மேடத்திடமிருந்து போன் வந்தது. அந்த அம்மாள் சாதாரணமாகவே கோபமாகப் பேசுவார், அன்று உண்மையிலேயே கோபமாக இருந்தார்.

"ஒரு பேஷண்டுக்குப் பதினோரு நாளா மூணு மெசேஜ் அனுப்பியாச்சுன்னு உங்க சிஸ்டம் காட்டுது. ஆளு வரவேயில்ல. மெசேஜே போகல, போச்சுன்னு பொய் சொல்லுது. டாக்டர் என்னைப் புடிச்சுக் காய்ச்சுறார்."

நோயாளியின் பதிவு எண்ணைச் சொன்னார். அக்கா குறித்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். மெசேஜ் அனுப்புவதைப் பின்னால் ஒரு தனி வேலையாள்போல ஒரு புரோகிராம் செய்துகொண்டிருக்கும். சர்வரை நிறுத்தி ஓட்டும்போது அதையும் ஓட்ட எல்லோரும் மறப்பார்கள், மெசேஜெல்லாம் வரிசையில் தேங்கி நிற்கும். பார்த்தாள், அது ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது செட்டிங்ஸ். சோதனை முறையிலேயே விட்டுவிட்டால் 'அனுப்பியாச்சு' என்று காட்டும், ஆனால் அனுப்பாது. அதுவும் சரியாகவே இருந்தது. பழைய செட்டிங்ஸைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று துடைத்துவிட்டு ஓட்டினாள். ஒன்றுமில்லை. கடைசியில் லாகைத் திறந்தாள்.

மூன்று மெசேஜும் போயிருந்தன. திங்கட்கிழமை ஒன்று, அந்த வாரக் கடைசி ஞாயிறு ஒன்று, அதற்கடுத்த புதன் ஒன்று. மூன்றும் போனில் போய்ச் சேர்ந்ததாக டெலிபோன் கம்பெனி பதில் சொல்லியிருந்தது. பக்கத்தில் நம்பர் இருந்தது.

அக்கா நாற்காலியைத் திருப்பினாள். "டெஸ்ட் டேட்டாவ லைவ்ல ஏத்தினது யாரு?"

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காரணம் உண்டு. சோதனைக்காக நாங்கள் உண்டாக்கும் பொய் ஆட்கள் ஒரு பக்கம், நிஜ வாடிக்கையாளர்கள் ஒரு பக்கம். இரண்டும் கலக்கவே கூடாது. ஒரு தடவை நான் கலந்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை. ஒருவன் ஒருமுறை பாத்திரத்தை உடைத்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது உடைந்தாலும் அவன்தான்.

"நான் இல்லக்கா."

"அப்பா நம்பர் நிஜப் பேஷண்ட் லிஸ்ட்ல இருக்கு. நான் போட்டேனா? அங்க ஒரு டாக்டர் பேயா அலையுறார், இல்லாத ஆளுக்காக!" பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பதிவை அழிக்கும் கட்டளையை அடித்தாள். என்டரைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

அழிக்கும் முன் அந்த வரியை ஒரு தடவை முழுதாகப் படிக்க வேண்டும் என்பது அவள் எங்களுக்குப் போட்ட சட்டம். தன் சட்டத்தைத் தானே மீறுகிறவள் அல்ல. எரிச்சலோடு படிக்க ஆரம்பித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன், பழி என் தலையில் இருந்ததால்.

பெயர் அப்பாவுடையதுதான், சோதனைக்கும் அக்கா அதையேதான் போடுவாள். ஆனால் சோதனைக்கு நாங்கள் போடும் பிறந்த தேதி எப்போதும் ஜனவரி ஒன்று. இதில் வேறு ஏதோ மாதம், வேறு ஏதோ தேதி. பதிவு செய்த இடம், மூன்றாவது கவுன்டர். காலை ஒன்பது பத்து. பிரிவு, தொண்டை. கழுத்துக் கட்டியில் மாதிரி எடுக்கப்பட்டது, ஆம். துணைக்கு வந்தவர் என்று ஒரு கட்டம் உண்டு, அதை ஃபார்மில் சேர்த்தது நான்தான். அதில் 'யாருமில்லை' என்று இருந்தது.

அக்கா அந்தப் பிறந்த தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது யாருடைய தேதி என்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவள் விரல் என்டர் மேலேயே இருந்தது. நான்தான் கையைப் பிடித்து எடுத்துவிட்டேன். தட்டியிருந்தால் மெசேஜ் போவது நின்றிருக்கும், ஆஸ்பத்திரியிலும் அப்படி ஓர் ஆள் வந்ததற்குத் தடயம் இருந்திருக்காது. நாங்களும் கோளாறு சரிசெய்யப்பட்டது என்று எழுதி அனுப்பியிருப்போம்.

பதிவுப் பிரிவு மேடத்தைக் கூப்பிட்டு, மகள் என்று சொல்லி, டாக்டரிடம் பேசினாள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "கட்டி கெட்டதுதான்மா. ஆனா சின்னது, எடுத்துடலாம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கூட்டிட்டு வந்தீங்கன்னா திங்கக்கிழமை ஆபரேஷனுக்கு இடம் இருக்கு. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா நான் இப்படிப் பேசிட்டிருக்க மாட்டேன்."

மணி இரண்டே கால். நான் காரை எடுத்தேன். அக்காவால் ஓட்ட முடியாது என்று யாரும் சொல்லவில்லை, அவளே சாவியை என் கையில் கொடுத்தாள். பாதி வழியில் கேட்டாள்.

"அந்தத் திங்கக்கிழமை அப்பா போன் பண்ணினாரா?"

"பண்ணினார்க்கா. நீங்க அன்னைக்கு அந்த மெசேஜத்தான் டெஸ்ட் பண்ணிட்டிருந்தீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

நான் கேட்டதைச் சொன்னேன். அன்று அவர் நேரத்தைச் சொல்லிவிட்டு, "உடனே டாக்டரைப் பாக்கணும்னு போட்டிருக்கு. இது உன்னுதுதானே பாப்பா?" என்று கேட்டார். இவள் டைப் அடித்துக்கொண்டே, "என்னுதுதான்பா, விடுங்க" என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் லாகைப் பார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறினோம். அப்பா பனியனோடு மேசை விசிறியைப் பிரித்துப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை நாளில் மகளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கழுத்தில் இடது பக்கம், தேடிப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு ஒரு சின்ன வீக்கம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அக்கா.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களாப்பா?"

"தொண்டை கரகரன்னு இருந்துச்சு, போனேன்."

"ஊசி போட்டு எடுத்தாங்களே, அதை ஏன் சொல்லல?"

அவர் விசிறி இறக்கையைக் கீழே வைத்தார். "ரிசல்ட் வந்தா சொல்லலாம்னு இருந்தேன்."

"ரிசல்ட் வந்துச்சேப்பா! மூணு தடவை வந்துச்சு. முதல்ல வந்தப்ப என்னைக் கேட்டீங்க, நான் டெஸ்ட்டுன்னு சொல்லிட்டேன். அது என் தப்பு. ஞாயித்துக்கிழமை வந்துச்சே? நான் உங்க எதிர்லதானே உக்காந்திருந்தேன், என் கையில கம்ப்யூட்டர்கூட இல்லையே!"

"ஆமா. நீ சாப்பிட்டுட்டு இருந்தே. அப்பவே தெரிஞ்சுது, இது நிஜம்னு."

"அப்புறம் ஏன்பா சும்மா இருந்தீங்க?"

அவர் துணியை மடித்தார். அக்கா பிரம்பு மோடாவில் உட்கார்ந்துவிட்டாள். "நான் காதுலயே வாங்கலப்பா. நீங்க போன் பண்ணா என்ன சொல்றீங்கன்னே கேக்கறதில்ல. எதுவா இருந்தாலும் சரின்னு சொல்லிடுறேன். ரொம்ப நாளாவே அப்படித்தான்." பதினொரு வருஷமாக அவளோடு வேலை பார்க்கிறேன், அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். எனக்கும் தாங்கவில்லை.

"தெரியும் பாப்பா" என்றார் அவர். குரலில் குறையே இல்லை. "நீ கேக்க மாட்டேன்னு தெரியும். அதனாலதான் உன்கிட்ட கேட்டேன். வேற யாரைக் கேட்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லியிருப்பாங்க. நீ மட்டும்தான் என்னுதுன்னு சொல்லுவே. எனக்கு அதுதான் வேணும்னு இருந்துச்சு. பயமா இருந்துச்சும்மா."

அவர் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது அவளுக்குத்தான்.

காரில் பின்சீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். "எப்ப ஆரம்பிச்சுது? முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள். அவர் ஷேவ் பண்ணும்போது கையில் தட்டுப்பட்டதிலிருந்து தொடங்கினார். பிறகு தூக்கம் வராதது, சும்மா இருக்கக் கூடாது என்று விசிறியைப் பிரித்தது, இனி அதை யார் மாட்டுவது என்பது. அக்கா குறுக்கே பேசவில்லை. நாலே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். அவர் இன்னும் முடிக்கவில்லை. அக்காவின் போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. அவள் அவர் முகத்தையே பார்த்தபடி, "ம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தாள்.