பன்னிரண்டு பாகத்தில் நின்ற வலை

கனகசெட்டிக்குளத்து மீனவர்கள் ஓர் இடத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கரையிலிருந்து நேர் கிழக்கே, பன்னிரண்டு பாகம் ஆழத்தில், அதாவது எழுபது அடிக்குக் கீழே, போடுகிற வலையெல்லாம் எதிலோ மாட்டிக் கிழிகிறதாம். அடியில் பாறைத்திட்டு இருக்கும், அதில் ஏதோ பழைய வலை சிக்கிக் கிடக்கும் என்று நினைத்தோம். கடலடியில் தொலைந்துபோன வலைகளை அறுத்து மேலே கொண்டுவருவதும், பாறைத்திட்டுகளில் வாழும் மீன்களை எண்ணிக் குறிப்பதும்தான் எங்கள் வேலை.

நாங்கள் மூன்று பேர். நான் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நீச்சல் கற்றது வயல் கிணற்றில். வேலைக்காக நகரத்தில், சாரம் பகுதியில் வாடகைக்கு வீடு எடுத்திருந்தேன். என்னோடு கூடவே மூழ்குபவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். பிரெஞ்சு ராணுவத்தில் முக்குளிப்பவராக இருந்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். நான் அவசரப்படும்போதெல்லாம் 'துஸ்மான், துஸ்மான்' என்பார். பிரெஞ்சில் மெதுவாக என்று பொருள். மூன்றாமவர் படகு ஓட்டுபவர், கனகசெட்டிக்குளத்துக்காரர். பிறந்ததிலிருந்து கடலில் இருப்பவர், ஆனால் நான்கு வருடங்களாக வலையைத் தொடுவதில்லை. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

மாசி மாதம், காலை வேளை. தண்ணீர் பச்சையாகக் கலங்கியிருந்தது. ஆறேழு அடிக்கு மேல் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். தரை தெரிவதற்கு முன்பே வலை தெரிந்தது.

பாதி வலை சரிந்து பாறையில் படிந்திருந்தது. மீதி பாறை முனைகளில் மாட்டி, மிதவைகள் தூக்கிப் பிடிக்க, சுவர் போல நின்றது. நீரோட்டத்துக்கு அது உப்பி உப்பி அடங்கியது. மூச்சு விடுவது போலத்தான் இருந்தது. அதில் ஒரு பங்குனி ஆமையின் ஓடு தொங்கியது, உள்ளே ஒன்றுமில்லை. அதற்கு ஒரு முழம் தள்ளி அன்றைக்குச் சிக்கிய சங்கரா மீன் ஒன்று, செதிலின் சிவப்புகூட மங்காமல், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் கத்தியால் கண்ணிகளை அறுத்து அதை விடுவித்தேன். போகத் தெரியாமல் சற்று நேரம் அங்கேயே நின்றது, பிறகு மறைந்தது. வலையைப் பிடித்திருந்த என் கை சுண்டி இழுபட்டது. நீரோட்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மறுமுனையில் யாரோ வலையை வாங்குகிறார்கள், இழுத்துப் படகில் ஏற்றுகிறார்கள் என்றே அந்தக் கணத்தில் நம்பினேன்.

மறுமுனையைத் தேடிப் போனோம். அது ஒரு பைபர் படகில் கட்டியிருந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒருக்களித்துக் கிடந்தது படகு. பாசியைக் கையால் துடைத்தபோது முகப்பில் மஞ்சள் நிறத்தில் வரைந்த வேல் தெரிந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். பலகைக்கு அடியிலிருந்து பெரிய களவா மீன் ஒன்று என்னையே பார்த்தது. பின்பக்கம், இயந்திரத்தருகே, ஓர் எவர்சில்வர் சாப்பாட்டுத் தூக்கு சொருகிக் கிடந்தது. வேறொன்றும் இல்லை.

மேலே வந்து கேமராவில் எடுத்த படங்களைக் காட்டினோம். படகுக்காரர் அந்த மஞ்சள் வேலைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது எங்க போட்டு சார். அந்த வேலு நான் வரைஞ்சது" என்றார் பிறகு.

அவரும் ஊரில் அண்ணன் முறையாகிற ஒருவரும் சேர்ந்து தொழில் செய்த படகு அது. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு நாள் இவருக்குக் காய்ச்சல். அண்ணன் தனியாகப் போனார். மதியம் காற்று திடீரென்று திரும்பியது. படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. பல நாள் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. காய்ச்சல் அன்றைக்கு மறுநாளே விட்டுவிட்டதாம். அதைத்தான் அவர் இரண்டு முறை சொன்னார்.

அந்த அண்ணனின் மனைவியிடம் சொல்லாமல் வலையில் கைவைக்கக் கூடாது என்று மூவருமே நினைத்தோம். மறுநாள் போனோம். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் பொட்டு வைத்திருந்தார். உடல் கிடைக்காததால் கருமாதி செய்ய அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை, மாமியார் வீட்டோடு அதனாலேயே பேச்சு இல்லை என்று படகுக்காரர் வழியில் சொல்லியிருந்தார். படங்களை ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார். வலையில் ஓரிடத்தில் கிழிசலைப் பச்சை நூலால் பொத்தியிருந்ததைத் தொட்டு, அது தான் போட்ட நூல் என்றார்.

"உள்ள பாத்தீங்களா தம்பி?"

பார்த்தேன், யாரும் இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சாப்பாட்டுத் தூக்கு மட்டும் இருந்தது என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "மூடி இருந்துச்சா, தொறந்து கெடந்துச்சா?"

நான் கவனிக்கவில்லை. கலங்கிய தண்ணீரில் ஒரு பளபளப்பைத்தான் பார்த்திருந்தேன். ஆனால் அவர் கேட்ட விதத்தில் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தொறந்துதாங்க்கா கெடந்துச்சு."

அவர் தலையசைத்தார். அப்போ சாப்பிட்டிருக்கார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, அந்த வலை இப்போதும் மீன் பிடிக்கிறதா என்று கேட்டார். ராணுவக்காரர் மறைக்கவில்லை. பிடிக்கிறது, எடுக்க ஆளில்லாமல் அதிலேயே செத்து அழுகுகிறது, அதைத் தின்ன வருவதும் சிக்குகிறது என்றார்.

"அத நிறுத்திடுங்க சார். அவரு பேர்ல பாவம் ஏறிக்கிட்டே போவுது."

மூன்று நாள் ஆனது. துண்டு துண்டாக அறுத்து, காற்றுப் பைகளில் கட்டி மேலே அனுப்பினோம். உயிரோடு இருந்த நண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டோம். கடைசி நாள், படகில் கட்டியிருந்த முனையை அறுக்கும்போது தூக்கு என் முகத்துக்கு நேரே இருந்தது. மேலெல்லாம் சிப்பி ஒட்டியிருந்தது. இரண்டு பக்கக் கொக்கியும் இறுக்கமாகப் போட்டபடி மூடியிருந்தது.

காற்றை இழுக்க மறந்துவிட்டேன் போல. ராணுவக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவரும் அதைப் பார்த்தார். கட்டைவிரலை உயர்த்தி, மேலே போகலாம் என்று சைகை செய்தார். படகில் ஏறியதும், படகுக்காரருக்குக் கேட்காதபடி, "நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்" என்றார். தூக்கை நாங்கள் எடுக்கவில்லை. எடுத்தால் எப்படி எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பது?

கரையில் குவித்த வலையில் அந்த அம்மாள் பச்சை நூல் போட்ட இடத்தைத் தேடி, ஒரு கையகலம் அறுத்து எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் கருமாதி நடந்தது. எங்களையும் அழைத்திருந்தார். நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது. எனக்கு அவரே இலை போட்டு, அவரே பரிமாறினார். தம்பி ஒன்றுமே சாப்பிடவில்லையே என்று இரண்டாவது முறையும் சோறு வைத்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

திரும்பும்போது படகுக்காரர் என்னோடு சாலை வரை நடந்து வந்தார். பேருந்துக்கு நிற்கும்போது சொன்னார்.

"அண்ணன் வலைய வாங்காம சாப்பாட்டுல கைய வைக்க மாட்டாரு சார். வலை கீழதான் கெடந்துச்சு. அது அண்ணிக்கும் தெரியும்."

பேருந்து வந்துவிட்டது. சாரம் வந்து சேரும் வரை அந்த அம்மாள் பரிமாறிய கையே கண்ணில் நின்றது. பொய் என்று தெரிந்தே வாங்கிக்கொண்டாரா, அல்லது என் பொய்யை வைத்து அவருக்குத் தெரிந்ததைத் தள்ளிப்போட்டாரா என்று பல நாள் யோசித்தேன். தூக்கத்தில் அந்தக் கொக்கிகளைத் திறக்க முயன்று, விரல் வலித்து விழித்த நாட்கள் உண்டு.

அதற்குப் பிறகு ஒருமுறை அந்த அம்மாளைச் சந்தையில் பார்த்தேன். மீன் விற்றுக்கொண்டிருந்தார். கீழே இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். வலை நின்ற இடத்தில் சங்கரா கூட்டம் கூட்டமாகத் திரிகிறது, ஆமையைக்கூடப் பார்த்தோம் என்றேன். அது உண்மை. "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார்.

வருடத்துக்கு இரண்டு முறை அங்கே மீன் எண்ணப் போகிறோம். படகின் முகப்பிலிருந்து நடுப்பலகை வரை நான் எண்ணுகிறேன். தூக்கு கிடக்கும் பின்பக்கத்தை ராணுவக்காரர் பார்த்துக்கொள்கிறார். அப்படிப் பிரித்துக்கொள்ளலாம் என்று நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை.