கொடும்பாவிக்கு ஆதாரம் உண்டா?

கணபதி வட்டாரத்தில் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிற அன்புக்கரசிக்கு, சோறு தின்கிற நேரத்தில்கூடக் கை சும்மா இருக்காது. போனில் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்துவைத்து ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பாள். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், காசு பைசா கிடையாது. வெட்டி வேலை என்று ஊரே சொன்னது. அவளுக்கோ அதில் அப்படியொரு சந்தோஷம்.

வம்பு வந்தது பங்காரு மில் கட்டுரையால். ‘கூலி உயர்வு கேட்டதால் முதலாளி பங்காரு மில்லைப் பூட்டினார். பொங்கலுக்கு முன் அவரே திறந்து, கூலியையும் உயர்த்தினார்’ என்று எழுதியிருந்தாள். அன்று பூட்டிய கேட்டுக்கு வெளியே பட்டினி கிடந்தவர்களில் அவள் அப்பா கருப்புசாமியும் ஒருவர். படித்துவிட்டுக் குதிகுதியென்று குதித்தார்.

“கொடும்பாவின்னு ஒரு வார்த்தை போடு அம்மணி! பொறவு தொறந்த கதையெல்லாம் எதுக்கு?”

“அந்த வார்த்தைக்கு ஆதாரம் இல்லீங்கப்பா.”

“என்ற வவுறுதான் ஆதாரம்!”

அவரே கலைக்களஞ்சியத்தில் கணக்குத் தொடங்கி அந்த வார்த்தையைச் சேர்த்தார். அவள் எடுத்துவிட்டாள். பெற்ற தகப்பன் எழுதியதை அழிக்க நெஞ்சு வலிக்காதா? வலித்தது. அப்பா அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பட்ட காலிலே படும் என்பார்களே. சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தும் சாய்கிருஷ்ணா, செத்துப்போன பங்காருவின் பேரன், எழுதியது யாரென்று விசாரித்துக்கொண்டு ஒருநாள் பட்டறைக்கே வந்து நின்றான்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. பூட்டுனாருங்கற வரிய எடுத்துப்போடுங்க. இல்லீன்னா அவதூறு கேஸ் போடறமுங்க. செத்தவங்களப் பத்தி எழுதுனாலும் சட்டம் இருக்குதுங்க.”

கொங்கு நாட்டில் மிரட்டினாலும் மரியாதையாகத்தான் மிரட்டுவார்கள்! அன்புக்கரசி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எழுதியது உண்மைதான் என்று ஜெயித்தாலும், அதுவரை கோர்ட்டுக்கு நடையாய் நடக்க வேண்டும். வேலை என்னாவது? ஒரே ஒரு வரி, அழித்தால் தீர்ந்தது. விரல் போன்மேல் போயும் விட்டது. அப்போதுதான் அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. பெற்றவருக்கு வளைக்காததை மில்காரர் வீட்டுக்கு வளைத்தால் அது என்ன நியாயம்?

“டீ குடிங்க. அதச் சொன்னது நானில்லீங்க, உங்க தாத்தாதானுங்க” என்று, ஆதாரத்துக்கென்று மேசையில் வைத்திருந்த பங்காருவின் மணிவிழா மலரை எடுத்து நீட்டினாள்.

“இது எங்கூட்லயும் கட்டுக்கட்டாக் கெடக்குதுங்களே!”

“படிச்சீங்களா?”

“போட்டோ பாத்தனுங்க.”

மணிவிழா மலரை யார்தான் படித்தார்கள்? விளம்பரம் கொடுத்தவர் விளம்பரத்தைப் பார்ப்பார், சொந்தக்காரர் தன் மூஞ்சியைத் தேடுவார். உள்ளே பங்காருவே பெருமையாகப் பேசியிருந்தார்: ‘கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பொங்கல் வந்தது, மனசு கேட்கவில்லை. நானே திறந்துவிட்டேன்.’

சாய்கிருஷ்ணாவின் முகம் சுருங்கியது. பிறகு வெடித்துச் சிரித்தான். “அப்ப கேஸ தாத்தா மேலதான் போடோணுமாட்ட இருக்குது! செரி, வள்ளல்னாவது ஒரு வார்த்தை சேத்துங்க.”

“ஆதாரம் இல்லீங்க.”

மில்காரர் பேரன் வந்து மகளை மிரட்டுகிறான் என்று கேள்விப்பட்டு மூச்சிரைக்க ஓடிவந்த கருப்புசாமியின் காதில் இது விழுந்தது. “பாத்தீங்களா தம்பி! எனக்கும் இதே பதில்தானுங்க!” என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இருவரும் டீயைக் குடித்துக்கொண்டே அவளை வைதார்கள். அப்பாவின் குரல் திரும்பக் கேட்ட சந்தோஷத்தில் அன்புக்கரசி வடையும் வாங்கிவரச் சொன்னாள்.

கொஞ்ச நாள் கழித்து, யாரோ முகம் தெரியாத ஆள் அந்தக் கட்டுரையில் ‘கொடும்பாவி பங்காரு’ என்று எழுதிவைத்தான். அவள் பார்ப்பதற்குள் அந்த வார்த்தையை யாரோ எடுத்தும்விட்டார்கள். பேரனாகத்தான் இருக்கும் என்று திருத்தியவர் பெயரைப் பார்த்தால், கருப்புசாமி! பக்கத்தில் எழுதியிருந்த காரணம்: ‘ஆதாரம் இல்லீங்க.’

வீட்டுக்குப் போன கையோடு கேட்டாள். “ஏனுங்கப்பா, நீங்களா?”

“பின்னே? அவரத் திட்டோணும்னா நான் டீக்கடைல உக்காந்து வாய் நெறையத் திட்டிக்கறேன். இவன் ஆரு கண்ணு? அந்த மில்லு வாசல்ல பட்டினி கெடந்தானா?”