மாவில் கலந்த ஈஸ்ட்

மாவுச் சட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு விஜயம் புறவாசலுக்கு ஓடினாள். மாமியார் ஞானபாக்கியம் கரண்டியோடு பின்னாலேயே வந்தாள்.

"ஏட்டி, அத்தனை பேருக்கும் ஆப்ப மாவு அது! எங்கன கொண்டு போற?"

"இதுல வெசம் இருக்கு அத்தை. யாரும் திங்கக் கூடாது."

"நான்தானட்டி கள்ளு ஊத்தினேன்?"

"அது கள்ளு இல்ல."

சாரல் தொடங்கினால் குற்றாலத்து வீட்டில் நாகர்கோவில் உறவுகள் வந்து நிறைந்துவிடுவார்கள். ஆரியங்காவிலிருந்து கள் கொண்டுவருகிறவர் அன்று மழையில் வரவில்லை. ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கலங்கலாக ஒரு பாட்டில் இருந்தது. ஞானபாக்கியம் மோந்து பார்த்தாள். கள் வாசனை. பாதிக்கு மேல் மாவில் கவிழ்த்துவிட்டாள்.

அது விஜயம் மதுரையில் ஆராய்ச்சிக்காக வளர்த்த ஈஸ்ட். கள்ளிலிருந்து எடுத்ததுதான். காட்மியம் என்ற நச்சு உலோகத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி, சாகாமல் தப்பியதை மட்டும் மறுபடி வளர்த்தாள். தப்பியது குளுட்டாதியோன் என்ற பொருளை மிகுதியாக உண்டாக்கி, அதைக் கொண்டு உலோகத்தைப் பிடித்துத் தனக்குள் அடக்கிக்கொண்டது. அதன் ஜீனைப் பிரித்துச் செடியில் சேர்த்தால் ஆலைக்கழிவு ஓடிய நிலத்திலும் செடி நிற்கும் என்று நம்பினாள். சீசனுக்கு வரச்சொல்லி வீட்டிலிருந்து ஆள் வந்தபோது ஆய்வுக்கூடத்து ஃப்ரிட்ஜ் பழுதாகிக் கிடந்தது. மிஞ்சிய ஒரே பாட்டிலைக் கையோடு கொண்டுவந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உள்ளே விடமாட்டார்கள்.

யாக்கோபு மாமா சிரித்தார். "வெசம் வைக்க மருமக ஒளிச்சுல்லா வைப்பா. இவ ஃப்ரிட்ஜுல வச்சிருக்கா."

வேறு யாரும் சிரிக்கவில்லை. கணவன் தேவசகாயம் பாட்டிலைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தான். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"இதையும் கொட்டு."

"ஒரு சொட்டு போதும். திரும்ப வளத்திருவேன். திங்கக்கெழமை கொண்டுபோயிருதேன்."

"அந்தச் சொட்டுதான் இங்கன இருக்கக் கூடாதுங்கேன். பிள்ளைய இருக்க வீடு."

"மதுரைக்குப் போனது போதும்ட்டி," என்றாள் ஞானபாக்கியம்.

எல்லோரும் புறவாசல் படியில் நின்று பார்த்தார்கள். குழந்தைகளை யாரோ இழுத்துப் பிடித்திருந்தார்கள். அவர்கள் பயத்தில் தப்பில்லை என்று விஜயத்துக்குத் தெரியும். மாவைக் குப்பைக் குழியில் கொட்டினாள். பாட்டிலையும் கவிழ்த்து, கொதிக்கிற தண்ணீர் விட்டு, மண்ணைத் தள்ளி மூடினாள்.

மறுநாள் சனிக்கிழமை. எல்லோரும் ஐந்தருவிக்குப் போனார்கள். வேனில் இடமில்லாததால் விஜயம் வீட்டில் இருந்தாள். ஈரத் துண்டுகளைத் துவைத்துக் கொடியில் போட்டாள். சாரலில் எதுவும் காயவில்லை. மத்தியானத்துக்குப் புளிக்குழம்பு வைத்தாள்.