ஈரம் காய்ந்த கால்மிதி

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. வந்திருக்கும் உறவினர்க்கும் சபையார்க்கும் இந்நினைவு மலரைக் கைகளில் தருகிறேன். அதில் அண்ணன் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று அச்சகத்தார் சொல்லியனுப்பினார்கள். விட்டுப்போகவில்லை.

பசுந்தாங்கில், ஓடை ஏறினால் படிக்கட்டெல்லாம் சேறு மணக்கும் இதே கட்டடத்தில், மூன்றாம் மாடியில் பிறந்தவர். எண்பத்தெட்டாம் ஆண்டின் பர்மியக் கலவரம் ஓய்ந்தபின் கப்பல் வேலைக்குப் போனார். பிறகு ஊழியத்துக்குத் தம்மைக் கொடுத்து, பசிபிக்கில் ஒரு சிறு தீவில் இறங்கினார். காய்ச்சலில் கிடந்தார், கிணறு வெட்டினார், அவர்கள் மொழியிலேயே ஜெபித்தார், அவர்கள் மொழியிலேயே கனவும் கண்டார்.

அத்தீவில் ஒரு வழக்கம். கடலில் மாண்டு போனவரை வீட்டார் அந்தியில் வாசலில் நின்று பெயர் சொல்லி ஒரே முறை அழைப்பார்கள். அழைத்தால்தான் அவர் வாசலை விட்டுக் கிளம்புவாராம். பிறகு அப்பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. அண்ணன் இதைத் தடுத்தார். ஒரு மீனவர் மூழ்கியபோது, அவர் மனைவி அண்ணன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாய் திறக்கவில்லை. மறுநாள் முதல் அண்ணன் வீட்டுக் கால்மிதி நனைந்திருந்தது. மழையில்லை. பின்னாளில் என்னிடம் சொன்னார்:

“வெயில்ல போட்டா காயுது தங்கச்சி. விடிஞ்சா பழையபடி ஈரம். மோந்து பாத்தா உப்பு.”

“நாய் நனைஞ்சு வந்து படுத்திருக்கும்ண்ணே.”

“அந்தத் தீவுல ஏது நாய்?” என்று சிரித்தார்.

கடைசியில் ஒரு மாலை, அவரே வாசலில் நின்று அந்த மனிதரை அழைத்தார். அதோடு ஈரம் நின்றது.

நர்கிஸ் புயலுக்குப் பிறகு நோயோடு வீடு திரும்பினார். கடைசி நாள்களில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னையும் கூப்பிட்டுரு. போதகர் ஐயா கோபிப்பாரு. கோபிக்கட்டும். நான் வாசல்லயே நின்னுக்கிட்டு இருக்கக் கூடாது.”

“நீங்க என்ன கடல்லயா போகப் போறீங்க?”

“நெஞ்சுல தண்ணி ஏறுதே, இது எந்தக் கடல்?”

அடக்கம் முடிந்த மறுநாள் காலை எங்கள் கால்மிதி நனைந்திருந்தது. “ஓடைத் தண்ணிதான்,” என்றார் மேல்வீட்டு பர்மியக்கார அம்மா டோ சீ. சொல்லிவிட்டு அதைத் தாண்டித்தான் போனார். மூன்றாம் மாடிக்கு எந்த ஓடை ஏறும்?

அந்தியில் போதகர் ஐயா ஜெபத்துக்கு வந்து உள்ளே அமர்ந்திருந்தார். சபை என்னை என்ன சொன்னாலும் சரியென்று, நான் வாசலுக்குப் போய் அண்ணனைப் பெயர் சொல்லி அழைத்தேன். கீழே படியில் ஓர் ஆண்குரல், நிதானமாக:

“இதோ, கிளம்பிட்டேன்.”

“யாரும்மா அது?” என்றார் போதகர் ஐயா. எட்டிப் பார்த்தோம். படிகள் மட்டும் இருந்தன. அவர் என்னைக் கண்டிக்கவில்லை. வேதாகமத்தை மூடி, மடியில் வைத்துக்கொண்டார்.

கால்மிதி இன்றுவரை காய்ந்தே கிடக்கிறது. ஆகவே இன்றைய ஜெபத்திலும் அவரை அண்ணன் என்றே சொல்லுங்கள்.

பெட்டியைச் சாயாமல் இறக்கிய கீழ்வீட்டு காசிம் பாய்க்கும், வந்தவர்க்கெல்லாம் மொஹிங்கா மீன்சாறு காய்ச்சி ஊற்றிய டோ சீக்கும், எங்களோடு அழுத சபையார்க்கும் நன்றி. அன்று படியில் பதில் சொன்னது யாரென்று இக்கட்டடத்தில் எல்லோரையும் கேட்டுவிட்டேன். யாருமில்லை என்கிறார்கள்.

அவருக்கும் எங்கள் நன்றி.